லைக் ஃபார் லைக் வளர்ச்சி: தமிழில் எப்படிச் சொல்வது?

டிமார்ட் கடைகளை நடத்தும் அவென்யூ சூப்பர்மார்ட்ஸ் பங்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் வாயில் அடிக்கடி வரும் சொல் 'எல்எஃப்எல்'. விரித்தால் லைக் ஃபார் லைக். மளிகைக் கடைச் சங்கிலியோ மலிவு விலைக் கடைச் சங்கிலியோ, அதன் பங்கை எடைபோடும்போது முதலில் தேட வேண்டிய எண் இதுதான் என்பேன். போன வருஷமும் இந்த வருஷமும் நடந்த அதே கடைகளில் விற்பனை எவ்வளவு கூடியது என்பதை இது சொல்கிறது. புதிதாகத் திறந்த கடைகள் கணக்கில் வராது.

ஒரு நிறுவனத்துக்கு 100 கடைகள், கடைக்கு 10 கோடி ரூபாய் விற்பனை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,000 கோடி. மறுவருஷம் இன்னும் 20 கடைகள் திறக்கிறது. அவற்றில் கடைக்கு 8 கோடி விற்கிறது. மொத்தம் 1,160 கோடி. '16 சதவீத வளர்ச்சி' என்று செய்தி வரும். பழைய 100 கடைகளில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை, எல்எஃப்எல் பூஜ்யம். ஆனால் அந்தக் கடைகளின் சம்பளமும் கரண்ட் பில்லும் வருஷா வருஷம் ஏறத்தான் செய்யும். மளிகையில் லாபம் மிக மெலிது. டிமார்ட்டுக்கே 100 ரூபாய்க்கு விற்றால் சுமார் 5 ரூபாய்தான் கையில் நிற்கிறது. அதனால் பழைய கடை நின்ற இடத்திலேயே நின்றால் லாபம் கரையத் தொடங்கும்.

சொல் பிரிட்டனிலிருந்து வந்தது. டெஸ்கோ போன்ற அங்குள்ள நிறுவனங்கள் இப்படித்தான் எழுதுகின்றன, நம் நிறுவனங்களும் அதையே பிடித்துக்கொண்டன. அமெரிக்காவில் இதையே 'சேம் ஸ்டோர் சேல்ஸ்' என்பார்கள், அல்லது 'கம்பேரபிள் சேல்ஸ்' என்பதைச் சுருக்கி 'காம்ப்'. லைக் என்ற சொல்லின் பழைய ஆங்கில வடிவம் கெலிக். அதிலுள்ள 'லிக்' என்பதற்கு உடல் என்று பொருள். ஒரே உடல்வாகு கொண்டது என்பதுதான் வேர்.

வேர் அப்படி இருந்தாலும், இந்த எண்ணுக்குக் கணக்கியல் விதி எதுவும் இலக்கணம் வகுக்கவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தானே கோடு போட்டுக்கொள்கிறது. அமெரிக்காவின் டாலர் ஜெனரல் 13 மாதம் நடந்த கடையையே சேர்த்துக்கொள்ளும். டிமார்ட்டின் கோடு 24 மாதம். புதுக் கடை முதல் ஓரிரு வருஷம் வேகமாக வளரும் என்பதால், 13 மாதக் கோடு எண்ணைக் கொஞ்சம் அழகாக்கிக் காட்டும். இரண்டு நிறுவனங்களின் எல்எஃப்எல்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும். ஓடாத கடைகளை மூடினாலும் எண் ஏறும், ஏனென்றால் மூடிய கடை பட்டியலிலிருந்தே போய்விடும்.

அப்புறம் விலைவாசி. அரிசி, பருப்பு, எண்ணெய் விலை 6 சதவீதம் ஏறிய வருஷத்தில் எல்எஃப்எல் 5 சதவீதம் என்றால், ஜனங்கள் வாங்கிய அளவு குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

டிமார்ட் பங்கு 2017 மார்ச்சில் 299 ரூபாய்க்கு வெளியானது. அந்த நிதியாண்டில் எல்எஃப்எல் 21.2 சதவீதம். 2019-20இல் 10.9, 2024-25இல் 8.4. அந்தக் கடைசி வருஷத்தில் 50 கடைகள் கூடி மொத்தம் 415 ஆனது, மொத்த விற்பனை சுமார் 17 சதவீதம் ஏறியது. அதாவது வளர்ச்சியில் பெரும்பங்கு புதுக் கடைகளிடமிருந்தும் இன்னும் 24 மாதம் நிறையாத கடைகளிடமிருந்தும் வருகிறது. கடை திறக்கும் வேகம் குறைந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியைப் பங்கின் விலையோடு சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

சரி, தமிழில்? 'ஒத்த கடை விற்பனை' என்றால் இலக்கணம் சரி, ஆனால் பேச்சுத் தமிழில் ஒத்த என்றால் ஒற்றை. மதுரைக்காரர்களுக்கு யானைமலை அடிவாரத்து ஒத்தக்கடைதான் நினைவுக்கு வரும். 'ஒப்புக் கடை' என்றால் ஒப்புக்கு வைத்த கடை போலாகிவிடும். 'நிகர்' என்று தொடங்கினால் நிகர லாபத்தோடு குழம்பும். 'அதே கடை விற்பனை' அமெரிக்கச் சொல்லின் நேர் பெயர்ப்பு. தப்பில்லை, தனியாக நிற்கும்போது எந்தக் கடை என்று கேட்க வைக்கிறது. என் தேர்வு 'பழைய கடை வளர்ச்சி'. கடை புதிதா பழையதா என்பதுதான் இந்த எண்ணின் உயிர், அதை இது நேராகச் சொல்லிவிடுகிறது. கட்டுரையில் முதல்முறை எழுதும்போது '24 மாதம் கடந்த பழைய கடைகளின் விற்பனை வளர்ச்சி' என்று கோட்டையும் சேர்த்து எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.