நனைந்த போனிலிருந்து எது திரும்பி வரும்?

தேனி மாவட்டத்தின் கம்பம், கூடலூர், தேவாரம், போடி ஊர்களிலிருந்து விடிவதற்கு முன்பே ஜீப்புகள் மலையேறிவிடும். குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் அவை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் தோட்டத்தில் எதுவும் காய்வதில்லை. இடுப்பில் செருகிய போனைப் பாலித்தீன் பையில் சுற்றி வைத்தாலும் சாரலும் வியர்வையும் எப்படியோ உள்ளே புகுந்துவிடும். அப்படி நின்றுபோன போனைக் கடை மேசையில் வைத்துவிட்டுக் கேட்பார்கள்: “போன் போனால் போகட்டும் தம்பி, உள்ளே இருக்கும் போட்டோவையும் வாட்ஸ்அப்பையும் மட்டும் எடுத்துத் தர முடியுமா?”

எல்லைப்புறத்தில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. வேலை கேரளத்தில், வீடு தமிழ்நாட்டில். ரேஷன் அட்டை இங்கே, கூலிக் கணக்கு அங்கே. பட்டா நகல், பிள்ளைகளின் சான்றிதழ், வாங்கிய முன்பணத்தின் குறிப்பு என இரு மாநிலத்துக் காகிதங்களும் ஒன்றாக இருக்கும் ஒரே இடம் பலருக்குப் போன்தான். அதனால் அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

போனுக்குள் இருப்பது ஃபிளாஷ் வகை நினைவகம். 1980-களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா கண்டுபிடித்த தொழில்நுட்பம் இது. மிக நுண்ணிய அறைகளில் எலக்ட்ரான்களைப் பிடித்து அடைத்து வைப்பதுதான் இதன் அடிப்படை. அறையைச் சுற்றி மின்கடத்தாப் பொருள் இருப்பதால் மின்சாரம் நின்ற பிறகும் எலக்ட்ரான்கள் அங்கேயே கிடக்கும். எந்த அறையில் எவ்வளவு மின்னூட்டம் இருக்கிறது என்று அளந்துதான் சில்லு தரவைப் படிக்கிறது. ஆகவே பேட்டரி தீர்ந்தாலும், திரை நொறுங்கினாலும், தண்ணீரில் விழுந்தாலும் போட்டோ உடனே அழிந்துவிடுவதில்லை.

கைதவறி அழித்துவிட்ட படத்தின் கதை வேறு. ஃபிளாஷில் எழுதுவது பக்கம் பக்கமாக நடக்கும். ஒரு பக்கம் சில கிலோபைட் அளவு. அழிப்பதோ, பல நூறு பக்கங்கள் சேர்ந்த ஒரு தொகுதியை மொத்தமாகத்தான் முடியும். எழுதிய பக்கத்தின் மேலேயே மறுபடி எழுதவும் முடியாது. இதனால், நாம் அழி என்று சொன்னதும் போன் முதலில் செய்வது பதிவேட்டில் அந்தக் கோப்பின் பெயரை நீக்குவது மட்டும்தான். தோட்டத்தின் ஆள்கணக்குப் பதிவேடான செக்ரோலில் ஒருவரின் பெயரை வெட்டினாலும், லயம் எனப்படும் தொழிலாளர் குடியிருப்பில் அவர் வீடு அன்றைக்கே காலியாவதில்லை அல்லவா, அதுபோல உள்ளடக்கம் சிறிது காலம் பழைய பக்கங்களிலேயே கிடக்கும்.

பழைய மெமரி கார்டுகளில் அழித்த படங்களை மீட்க முடிவது இதனால்தான். ஒவ்வொரு ஜேபெக் படமும் குறிப்பிட்ட சில பைட்டுகளோடு தொடங்கும். மீட்பு மென்பொருள் பதிவேட்டைப் பார்க்காமல், கார்டு முழுவதையும் வரிசையாகப் படித்து அந்தத் தொடக்கக் குறியைத் தேடிப் படத்தை உருவி எடுக்கிறது. கார்டில் அதற்குப் பிறகு புதிதாக எதையும் எழுதாமல் வைத்திருந்தால் வாய்ப்பு நன்றாகவே உண்டு.

போனின் உள் நினைவகத்தில் இந்த வித்தை பலிக்காது. அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, எந்தப் பக்கங்கள் இனி வேண்டாதவை என்பதை இயங்குதளம் அவ்வப்போது சில்லுக்குத் தெரிவித்துவிடுகிறது. சில்லு ஓய்வு நேரத்தில் அந்தத் தொகுதிகளைத் துடைத்து, அடுத்து எழுதுவதற்குத் தயாராக வைத்துக்கொள்கிறது. போனின் வேகம் குறையாமல் இருக்க இந்த ஏற்பாடு. மற்றது இதைவிடப் பெரிய காரணம்: உள்ளே இருப்பது எல்லாமே குறியாக்கம் செய்யப்பட்ட, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்ட தரவு. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், அந்தப் பதிப்போடு அறிமுகமாகும் எந்தப் போனிலும், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், குறியாக்கம் கட்டாயம். கோப்புகளைப் பூட்டும் சாவி, நாம் போடும் பின் எண்ணும் போனின் ப்ராசசருக்குள் பதிந்திருக்கும் ரகசிய எண்ணும் சேர்ந்தால்தான் திறக்கும். நினைவகச் சில்லை மட்டும் கழற்றி வேறொரு கருவியில் வைத்துப் படித்தால் கிடைப்பது பொருளற்ற எண்குவியல். ஃபேக்டரி ரீசெட் கொடுத்தவுடன் போன் செய்கிற முக்கியமான காரியம் இந்தச் சாவியை அழிப்பது. அதன் பிறகு உற்பத்தி செய்த நிறுவனமே வந்தாலும் அந்தத் தரவைப் படிக்க முடியாது.

ரீசெட் செய்த போனிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுத் தருவோம் என்று இணையத்தில் விளம்பரம் செய்யும் மென்பொருள்களுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்று நான் அழுத்தமாகச் சொல்வது இதை வைத்துத்தான். ஒரு நாள் கூலியைக் கொடுத்து வாங்கிய பிறகு ஏமாறுவது கொடுமை.

நனைந்த போனுக்கு மட்டும் நம்பிக்கை உண்டு. அங்கே சாவி அழியவில்லை, பத்திரமாக இருக்கிறது. கேடு விளைவிப்பது தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம். ஈரத்தில் கரைந்த உப்பின் வழியாக மின்னோட்டம் பாய்ந்து, போர்டு எனப்படும் மின்சுற்றுப் பலகையில் இருக்கும் மெல்லிய செம்புத் தடங்களை அரித்துவிடுகிறது. வேலை செய்கிறதா பார்ப்போம் என்று நனைந்த போனைச் சார்ஜரில் போடுவது அந்த அரிப்பை விரைவுபடுத்தும். அரிசிப் பானைக்குள் புதைப்பதாலும் பயனில்லை, அரிசித் தூள் துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். உடனே அணைத்துவிட்டுக் கடைக்குக் கொண்டுபோவதே சரி.

நல்ல கடைக்காரர் என்ன செய்கிறார் என்று அருகில் நின்று பார்த்தால் விஷயம் விளங்கும். பலகையைக் கழற்றி நுண்ணோக்கியின் கீழ் வைக்கிறார். பேட்டரி இணைப்பின் ஓரத்தில் பச்சை படிந்திருக்கிறது. ஆல்கஹாலில் தோய்த்த பிரஷ்ஷால் அதைத் தேய்த்து எடுக்கிறார், ஷார்ட் ஆன ஒரு கடுகளவு கெப்பாசிட்டரை மாற்றுகிறார். வேறு திரையை இணைத்து, ஒரே ஒருமுறை போன் எழுந்தால் போதும், பின் எண்ணைப் போட்டுப் படங்களை நகலெடுத்துவிடலாம். அதே ப்ராசசரும் அதே நினைவகச் சில்லும் அதே பலகையில் உயிர்பெற வேண்டும் என்பதால், தரவு வேண்டுமென்றால் போர்டை மாற்றச் சம்மதிக்கக் கூடாது. இதைக் கடையில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

போர்டும் போய்விட்டால் மிஞ்சுவது பேக்கப், அதாவது இணையம் வழியாகக் கூகுளிடம் முன்பே ஏற்றி வைத்த நகல், மட்டும். இங்கேதான் மலைநாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஆண்ட்ராய்டின் தானியங்கி பேக்கப், முந்தையது முடிந்து 24 மணி நேரம் கடந்திருக்க வேண்டும், போன் பயன்பாட்டில் இல்லாமல் கிடக்க வேண்டும், வை-ஃபை இணைப்பு வேண்டும் என்று காத்திருக்கும். மொபைல் டேட்டாவிலும் நடக்கட்டும் என்று நாமே அமைப்பில் அனுமதி கொடுத்தால்தான் வை-ஃபை இல்லாமல் ஓடும். லயத்திலோ வரிசை வீட்டிலோ வை-ஃபைக்கு எங்கே போவது? பேக்கப் இயக்கத்தில் இருப்பதாகத்தான் திரை காட்டும். அதற்குக் கீழே, கடைசியாக எடுத்த தேதி என்ற சிறிய வரியில் எத்தனையோ மாதத்துக்கு முந்தைய தேதி நிற்கும். நான் யாருடைய போனை வாங்கிப் பார்த்தாலும் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான்.

ஓடிய பேக்கப்பிலும் எல்லாம் இருக்காது. தொடர்பு எண்கள், குறுஞ்செய்திகள், அழைப்புப் பட்டியல், போனின் அமைப்புகள், செயலிகளின் பட்டியல் ஆகியவை போகும். ஒவ்வொரு செயலியும் தன் தரவில் அதிகபட்சம் 25 மெகாபைட் அனுப்பலாம். பல வங்கிச் செயலிகள் பாதுகாப்புக்காக எதையும் அனுப்புவதில்லை. போட்டோக்கள் தனியே, கூகுள் போட்டோஸ் வழியாகப் போக வேண்டியவை. எல்லாம் சேர்ந்து இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. குடும்பக் குழுவில் வந்து குவியும் வீடியோக்களே அதை நிரப்பிவிடும். நிரம்பியதும் பேக்கப் நின்றுவிடும்.

2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் இந்தச் செயலித் தரவு போனிலேயே பூட்டப்பட்டு, பிறகுதான் மேலே கூகுளுக்குப் போகிறது. பூட்டிய சாவியைத் திறக்கப் பழைய போனின் திரைப் பூட்டு எண் அல்லது பேட்டர்ன் வேண்டும். கூகுளின் தரவு மையத்தில் டைட்டன் என்ற தனிச் சில்லு அதைச் சரிபார்க்கிறது. தவறான எண்ணைச் சில முறைக்கு மேல் போட்டால் அது நிரந்தரமாக மறுத்துவிடும். கூகுள் ஊழியர்களாலும் மீற முடியாதபடி கட்டப்பட்ட ஏற்பாடு இது, பாராட்ட வேண்டியது. ஆனால் போன் வாங்கிய கடையிலேயே அவசரமாக ஒரு மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கி, ஒரு பேட்டர்னையும் போட்டுக் கொடுத்துவிடும் வழக்கம் எங்கள் பக்கம் பரவலாக இருக்கிறது. கணக்கின் பெயரும் தெரியாது, கடவுச்சொல்லும் தெரியாது. பேக்கப் பத்திரமாக மேலே இருக்கும், உரியவரால் அதைத் தொட முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டாவது கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு நோட்டில் எழுதி வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலக்கெடுவும் உண்டு. ஒரு போன் 57 நாட்கள் பயன்படுத்தப்படாமல் கிடந்தால் அதன் ஆண்ட்ராய்டு பேக்கப் அழிக்கப்படலாம். மழையில் கெட்ட போனை அலமாரியில் வைத்துவிட்டு, காய் எடுப்பு முடிந்து கையில் காசு வந்ததும் புதியது வாங்கலாம் என்று இருப்பவர்களுக்கு இந்தக் கெடு தாண்டிப்போகும். கூகுள் போட்டோஸில் சேர்ந்த படங்களை இந்தக் கெடு தொடாது. நாம் அழிக்காமலும், கணக்கை இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்டுவிடாமலும் இருந்தால் அவை போகாது, அழித்தாலும் 60 நாட்கள் குப்பைத்தொட்டியில் காத்திருக்கும். இடம் பிடிக்கிறதே என்று போனின் கூகுள் போட்டோஸ் செயலியில் படத்தை அழித்தால் மேலே உள்ள பிரதியும் சேர்ந்து அழிகிறது என்பதைப் பலர் அந்த 60 நாட்களும் கடந்த பிறகே அறிகிறார்கள்.

வாட்ஸ்அப்தான் எல்லையில் வாழ்பவர்களைக் கடுமையாகச் சோதிப்பது. அது தன் உரையாடல்கள் அனைத்தையும் ஒரே தரவுத்தளக் கோப்பில் வைத்திருக்கிறது. தினமும் அதிகாலை 2 மணிக்கு அந்தக் கோப்பின் பூட்டிய நகலைப் போனிலேயே எடுத்து, கடைசி ஏழு நாட்களின் நகல்களை வைத்துக்கொள்கிறது. அமைத்திருந்தால் கூகுள் கணக்குக்கும் ஒன்றை அனுப்பும். கூகுளில் இருப்பது எப்போதும் ஒன்றே, புதியது போனதும் பழையது போய்விடும். கோப்பு முழுதாகத்தான் திரும்பி வரும் என்பதால், அழிந்த ஒரு செய்தியை மட்டும் தனியே கொண்டுவர வழியில்லை. மேலும், மீட்கட்டுமா என்று வாட்ஸ்அப் கேட்பது நிறுவி எண்ணைச் சரிபார்த்த அந்த ஒரு தருணத்தில் மட்டும்தான். அவசரத்தில் தவிர்த்துவிட்டால், செயலியை நீக்கி மறுபடி நிறுவ வேண்டும், அதையும் அடுத்த பேக்கப் ஓடி வெறும் கோப்பு பழையதன் மேல் ஏறுவதற்கு முன் செய்ய வேண்டும்.

திரும்பக் கிடைக்க இரண்டு பொருந்த வேண்டும்: அதே கூகுள் கணக்கு, அதே போன் எண். இங்கே பலர் கையில் இரண்டு சிம். தோட்டத்தில் இருக்கும்போது கேரளத்தில் வாங்கிய எண், ஊருக்கு இறங்கினால் தமிழ்நாட்டு எண். வாட்ஸ்அப் எந்த எண்ணில் தொடங்கப்பட்டது என்பதே மறந்திருக்கும். வேலை மாறிய பிறகு அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுவார்கள். 90 நாட்கள் பயன்படுத்தாத ப்ரீபெய்ட் எண்ணை நிறுவனம் துண்டிக்கலாம், பிறகு வேறொருவருக்கும் கொடுக்கலாம். வாட்ஸ்அப் பழைய போனில் சில காலம் வேலை செய்துகொண்டே இருந்தால் இழப்பு தெரியாது. போன் கெட்டுப் புதியதில் நிறுவும்போது, சரிபார்ப்பு எண் இப்போது யாரோ ஒருவரின் கையில் இருக்கும் சிம்முக்குப் போகும்.

2021-ல் வாட்ஸ்அப் பேக்கப்புக்கும் முழுக் குறியாக்கம் வந்தது. அதை இயக்கினால் நாமே ஒரு கடவுச்சொல்லை வைக்கலாம், அல்லது வாட்ஸ்அப் தரும் 64 இலக்கச் சாவியை வைத்துக்கொள்ளலாம். அது தொலைந்தால் வாட்ஸ்அப்பாலும் உதவ முடியாது. எழுதிப் பாதுகாக்க வழியில்லாதவர்கள் அதை இயக்காமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து. பாதுகாப்பு வல்லுநர்கள் இதை ஏற்கமாட்டார்கள். பத்து வருடக் குடும்பப் படங்களைப் பறிகொடுத்தவர் ஏற்பார்.

எந்த எண்ணில் இருக்கிறோம் என்பதை வாட்ஸ்அப் அமைப்புகளில் நம் பெயரைத் தொட்டால் காட்டும். அது கைவிடப்போகும் சிம் என்றால், அமைப்புகளில் கணக்கு என்ற பகுதியில் எண்ணை மாற்றும் வசதி இருக்கிறது. பழைய எண், புதிய எண் இரண்டையும் கொடுத்தால் குழுக்களும் உரையாடல்களும் அப்படியே புதிய எண்ணுக்கு வந்துவிடும். மாற்றிய கையோடு, அமைப்புகளில் சாட் பேக்கப் பகுதிக்குப் போய் மொபைல் டேட்டாவிலும் பேக்கப் எடுக்க அனுமதித்து ஒருமுறை எடுத்துவிட வேண்டும். வீடியோக்களைச் சேர்க்காமல் விட்டால் ஒரு நாள் டேட்டாவிலேயே முடிந்துவிடும். கூடலூர் தாண்டி மலையேறினால் சில வளைவுகளில் சிக்னல் அறுந்து அறுந்துதான் வரும் என்பதால், இதை ஜீப்பில் உட்கார்ந்து செய்யாமல் கீழே ஊரில் இருக்கும் நாளில் செய்வது நல்லது.