‘கை வீசம்மா’ பாடும்போது பாதியில் நிறுத்துங்கள்

“பாட்டெல்லாம் முழுசா பாடுறான் மேடம், தண்ணி வேணும்னு மட்டும் கேக்கத் தெரியல.” பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெற்றோர் பலர் இப்படிச் சொல்கிறார்கள். விசாரித்தால், பெரும்பாலும் கைபேசியில் பார்த்துப் பழகிய பாட்டுகளாக இருக்கும். காணொளி குழந்தையின் முகத்தைப் பார்ப்பதில்லை, அதன் பதிலுக்காக நிற்பதுமில்லை. இரண்டு வயது வரை திரை வேண்டாம், ஐந்து வயதுக்குள் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்தது.

பாட்டு வேண்டும், ஆனால் அதைப் பாட ஓர் ஆளும் வேண்டும். நான் முதலில் சொல்லிக்கொடுப்பது ‘கை வீசம்மா கை வீசு’தான். குழந்தையை உங்களைப் பார்த்தபடி மடியில் உட்கார வைத்து, இரு கைகளையும் பிடித்து வீசிக்கொண்டே மெதுவாகப் பாடுங்கள். சில நாள் பழகட்டும். பிறகு ஒருநாள் “கடைக்குப் போகலாம்…” என்று சொல்லி நிறுத்திவிடுங்கள். அடுத்து ‘கை வீசு’ வரும் என்று குழந்தைக்குத் தெரியும். ஒவ்வொரு வரியும் அப்படித்தானே முடிகிறது! புருவத்தை உயர்த்தி, முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணலாம். பெரியவர்களுக்கு மிகக் கடினமானது இந்தப் பத்து நொடிதான். “சொல்லு, சொல்லு” என்று தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள்.

கையை அசைத்தாலும், உங்களை நிமிர்ந்து பார்த்தாலும், “ஈ…து” என்றாலும் அது பதில்தான். திருத்தாமல், மகிழ்ச்சியோடு “கை வீசு!” என்று தொடருங்கள். பேச்சுக்கு அடிப்படையான ‘என் முறை, உன் முறை’ அங்கேதான் பிறக்கிறது.

பேசத் தொடங்கிய குழந்தையோடு பாட்டில் வரும் இடத்தை மாற்றிப் பாடுங்கள். “எங்கே போகலாம்?” என்று கேட்டால் “பாட்டிக்கு” என்று வரலாம். “பாட்டி வீட்டுக்குப் போகலாம் கை வீசு” என்று அதையே பாட்டாக்குங்கள். நான்கு வயதில் மிட்டாய்–மெதுவாய், சொக்காய்–சொகுசாய் என்று ஒரே மெய்யொலியில் தொடங்கும் சொற்களைத் தேடி விளையாடலாம். எழுத்துக் கூட்டிப் படிக்க இந்தக் காதுப் பழக்கம் உதவும்.

ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் வரவில்லை, இரண்டு வயதில் “அம்மா வா” போல இரண்டு சொல் சேரவில்லை என்றால், பாட்டை நம்பி நாள் கடத்த வேண்டாம். குழந்தைநல மருத்துவரைப் பாருங்கள்; முதல் வேலையாகக் காது கேட்கும் திறனைப் பரிசோதித்துவிடுங்கள்.