கையெழுத்தில் குணம் தெரியுமா?

பள்ளியில் நடந்த ஒரு பயிலரங்கில், மகனின் நோட்டைப் புரட்டிய நிபுணர், எழுத்து மிகச் சிறியதாக இருப்பதால் அவன் தன்னம்பிக்கை குறைந்தவன் என்று சொன்னாராம். இது அறிவியலா என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

கிராஃபாலஜி எனப்படும் இந்தக் கலைக்கு 1870களில் முழு உருவம் கொடுத்தவர், ஒவ்வொரு சுழிப்புக்கும் சாய்வுக்கும் ஒரு குணத்தை ஒதுக்கிய மிஷோன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். எழுதியவர் யார் என்று மட்டும் தேடும் தடயவியல் ஆய்வு வேறு. அதை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

1989இல் நெட்டர், பென்-ஷாகார் என்ற இஸ்ரேலிய உளவியலாளர்கள் 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எழுத்தைப் பார்த்து ஒருவரின் பணித்திறனைக் கணிப்பதில் கிராஃபாலஜி நிபுணர்கள் மற்றவர்களைவிட மேலானவர்களாக இல்லை. எழுதியவர் தம் வாழ்க்கையைப் பற்றி எழுதிய தாள்களில் கணிப்பு ஓரளவு பலித்தது; சொந்தச் செய்தி எதுவும் இல்லாத தாள்களைக் கொடுத்ததும் அதுவும் ஏறக்குறைய மறைந்துபோனது. தகவல் தந்தவை சொற்களே, கோடுகள் அல்ல.

ஆனாலும் ‘எனக்குச் சரியாகச் சொன்னார்’ என்று இத்தனை பேர் ஏன் நம்புகிறார்கள்? இங்குதான் 2000இல் கிங், கோலர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட சோதனை என்னை மிகவும் கவர்கிறது. கையெழுத்து மாதிரிகளோடு கற்பனையான குணச்சித்திரங்களைச் சீட்டுக் குலுக்கியதுபோல் இணைத்துப் பலரிடம் காட்டினார்கள். அந்த இணைப்பில் எந்தத் தொடர்பும் கிடையாது. ஆயினும் பார்த்தவர்கள் தொடர்பைக் ‘கண்டார்கள்’, அதுவும் கண்டபடி அல்ல. எழுத்தை வருணிக்கும் சொல்லும் குணத்தை வருணிக்கும் சொல்லும் பொருளால் நெருங்கி நின்ற இடங்களில் மட்டும் கண்டார்கள். பெரிய எழுத்து என்றதும் ‘தன்னைப் பெரிதாக நினைப்பவர்’ என்று மனம் தானாகவே முடிச்சுப் போடுகிறது. அதற்குப் பொருந்தும் ஆட்கள் நினைவில் தங்க, பொருந்தாதவர்கள் நழுவிவிடுகிறார்கள். நிபுணர்களின் விதிகளும் இதே முடிச்சுகள்தாம் என்பதால், கேட்பவருக்கு அவை முன்பே தெரிந்த உண்மைபோல் ஒலிக்கின்றன. ஜாதகத்தைக் கேலி செய்பவர்கள்கூட, வேலைக்கு ஆளெடுக்கும்போது இதை அறிவியல் என்று ஏற்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

எழுத்தின் அளவு, கற்றுக்கொண்ட முறை, பேனா, அவசரம் எனப் பலவற்றால் மாறும். பார்க்கின்சன் நோயில் எழுத்து சிறுத்துப்போவது உண்மை. ஆனால் அது தசை இயக்கம் தடைப்படுவதன் விளைவே தவிர, குணத்தின் அடையாளம் அன்று.

வாசகி ஒன்று செய்யலாம்: வகுப்பில் எல்லோரையும் ஒரே பாடப்பத்தியைப் பார்த்து எழுதச் செய்து, பெயரில்லாத அந்தத் தாள்களைக் கலந்து கொடுத்து, தன்னம்பிக்கை குறைந்தவர்களைத் தேர்ந்தெடுக்குமாறு அந்த நிபுணரிடம் கேட்கலாம், பிறகு அந்தப் பட்டியலை, பிள்ளைகளை நன்கறிந்த ஆசிரியர் முன்கூட்டியே எழுதி வைத்த பட்டியலோடு ஒப்பிடலாம்.