காலிபரேஷன்: திருத்தமா, ஒப்பா?

"பயன்படுத்தும் முன் ஹைட்ரோமீட்டரை அளவுத்திருத்தம் செய்யவும்." உப்பளக் கையேடுகளிலும் கருவியோடு வரும் தமிழ்த் தாள்களிலும் இந்த வரி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஆங்கிலக் 'காலிபரேஷன்'தான் இதில் 'அளவுத்திருத்தம்' ஆகியிருக்கிறது. எழுதியவர் ஹைட்ரோமீட்டரைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார். அது நீரின் அடர்த்தியை அளக்கும் கண்ணாடிக் கருவி. அடியில் குண்டு, குண்டுக்குள் ஈயச் சிதறல், மேலே பென்சில் பருமனில் ஒரு தண்டு. தண்டுக்குள் கோடு அச்சிட்ட தாள் சுருட்டி ஒட்டியிருக்கும். முனையை உருக்கி மூடிவிடுவார்கள். அதில் திருகு இல்லை, திருப்பக் குமிழும் இல்லை. திருத்தியே ஆக வேண்டுமென்றால் உடைக்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்தக் கருவிக்குக் காலிபரேஷன் உண்டு. ஆண்டுதோறும் செய்கிறார்கள், சான்றிதழும் தருகிறார்கள். திருத்தவே முடியாத ஒன்றுக்கு நடக்கும் வேலையை "திருத்தம்" என்ற சொல்லால் எப்படிக் குறிப்பது?

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரபியில் 'காலிப்' என்றால் அச்சு, வார்ப்பு. செருப்புத் தைப்பவர் பயன்படுத்தும் கால் வடிவ மர அச்சைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து அது வந்தது என்பார்கள். இத்தாலியம், பிரெஞ்சு வழியாக 'காலிபர்' ஆகி, பீரங்கிக் குழாயின் உள்விட்டத்தைக் குறித்தது. அந்த விட்டத்தை அளந்து பார்ப்பதற்கு வினைச்சொல் 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. பிறகு எல்லா அளவுக் கருவிகளுக்கும் பரவியது. இந்த வழி நெடுகிலும் திருத்தம் என்ற பொருள் கிடையாது. ஒரு அச்சு இருக்கிறது, அதோடு ஒன்றைப் பொருத்திப் பார்க்கிறோம். அவ்வளவே.

இனி வேலையைப் பார்ப்போம். ராமநாதபுரம் மாவட்டத்தில் வாலிநோக்கம், மாரியூர் பக்கம் உப்பளத்தில் "தண்ணி எத்தனை டிகிரி?" என்று கேட்டால் வெப்பத்தைக் கேட்கவில்லை. பிரெஞ்சு மருந்தாளர் அந்துவான் போமே 1768-இல் வகுத்த அடர்த்தி அளவைக் கேட்கிறார்கள். தூய நீர் 0, நூற்றுக்கு 15 பங்கு உப்புக் கரைந்த நீர் 15 என்று அவர் வைத்தார். கடல்நீர் 3 முதல் 3.5 டிகிரி. வெயிலில் சுண்டச் சுண்ட ஏறும். 13-ஐத் தாண்டியதும் ஜிப்சம் பிரியத் தொடங்கும், 25 அருகில் உப்புப் பூக்கும். 29, 30 ஆனதும் மிஞ்சிய கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். இந்த எண்களில் ஒன்றிரண்டு பிசகினால் என்ன ஆகும்? 23-இலேயே பாத்திக்குத் தண்ணீர் கட்டினால் ஜிப்சம் பாத்தியில் படிந்து உப்போடு வரும். 30-ஐத் தாண்டியும் வடிக்காமல் விட்டால் மக்னீசிய உப்பு கலந்து, மூட்டையிலேயே ஈரம் கசியும், நாக்கில் கசக்கும்.

எனவே கருவி காட்டும் 25 உண்மையிலேயே 25 தானா என்று தெரிய வேண்டும். அதற்கு உயரமான கண்ணாடி ஜாடியில் வடிகட்டிய உப்பு நீரை ஊற்றி, குமிழி அடங்கும் வரை விடுவார்கள். ஏற்கெனவே சான்று பெற்ற மூலக்கருவியை அதில் மிதக்கவிட்டு, இலேசாகச் சுழற்றி, ஒட்டிய காற்றுக் குமிழிகளை உதறி, நீர்மட்டத்துக்கு நேராகக் கண்ணை வைத்து அளவு எடுப்பார்கள். அதே நீரில், அதே வெப்பத்தில், உப்பளக் கருவியையும் மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். 5, 10, 15, 20, 25, 30 என்று ஆறு இடங்களில் இதையே செய்து இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவார்கள். காலிபரேஷன் முடிந்தது. எதையும் யாரும் திருகவில்லை.

உண்மையில் 20 இருக்கும் இடத்தில் இது 19.6 காட்டுகிறது, 25-இல் 24.5 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்கள் ஓர் அட்டையில் ஏறும். இனி பாத்திக்காரர் 24.5 கண்டதும் தண்ணீர் கட்டுவார். கருவி அப்படியேதான் இருக்கிறது. அவர் அதன் குணத்தைத் தெரிந்துகொண்டார். அட்டையில் "25-இல் +0.5" என்று எழுதியிருக்கிறதே, அதற்குப் பெயர்தான் திருத்தம். காலிபரேஷன் தருகிற விடை அது. விடையின் பெயரை வேலைக்குச் சூட்டிவிட்டால், விடையை எந்தப் பெயரால் அழைப்பது? "அளவுத்திருத்தம்" என்று எழுதுபவர் யாரும் இதற்குப் பதில் சொல்வதில்லை.

வெப்பமும் சேர வேண்டும். போமே அளவின் அடிப்படை வெப்பம் 15.6 டிகிரி செல்சியஸ். நம் பக்கம் நண்பகல் உப்பு நீர் 35-ஐத் தொடும். சூடான நீர் இளகும், கருவி ஆழமாக இறங்கும், உண்மையைவிட ஏறக்குறைய ஒரு டிகிரி குறைத்துக் காட்டும். தண்டில் உப்புப் படிந்தாலும் கனம் கூடி ஆழம் போகும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. "தூய நீரில் போட்டுப் பூஜ்ஜியம் வருகிறதா பார்" என்பது வழக்கமான சோதனை. படிந்த உப்பு அந்த நீரிலேயே கரைந்துவிடும், கருவி யோக்கியமாக 0 காட்டும். பாத்தியில் மறுபடி படிந்ததும் மறுபடி பொய் சொல்லும். உள்ளே இருக்கும் தாள் நழுவியிருந்தால் இந்தச் சோதனையில் பிடிபடும். போமே கோடுகள் சம இடைவெளியில் இருப்பதால், தாள் நழுவினால் எல்லா இடத்திலும் ஒரே அளவு விலகும்.

திருத்தக்கூடிய கருவிகளுக்காவது "அளவுத்திருத்தம்" பொருந்துமா என்றால், அங்கேதான் அது பெரிய கெடுதல் செய்கிறது. மண்டபத்துக்கோ பாம்பனுக்கோ போனால் படகுகளுக்குப் பனிக்கட்டி தரும் ஐஸ் பிளான்டுகளில் அம்மோனியா கம்ப்ரஸரின் அழுத்தக் காட்டியைப் பார்க்கலாம். உள்ளே வளைந்த தட்டைக் குழாய் இருக்கும். யூஜின் புர்டோன் 1849-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. அம்மோனியா பித்தளையைத் தின்றுவிடும் என்பதால் இங்கே அது எஃகுக் குழாய். அம்மோனியா வாயு 40 டிகிரி செல்சியஸில் திரவமாகும்போது காட்டி சுமார் 14.5 பார் (அழுத்தத்தின் அலகு) காட்ட வேண்டும். கம்ப்ரஸரின் துடிப்பில் முள் நாள் முழுக்க ஒரே இடத்தில் நடுங்குவதால், அந்த இடத்தில் மட்டும் பல்சக்கரம் தேயும். உப்புக்காற்று மீதியை அரிக்கும்.

இதற்கு "அளவுத்திருத்தம் செய்" என்று தமிழில் ஆணை வந்தால் ஆள் என்ன செய்வார்? கண்ணாடியைக் கழற்றி, முள்ளைப் பிடுங்கி, பூஜ்ஜியத்தில் குத்துவார். அவர்மேல் குற்றமில்லை, சொல் அதைத்தான் சொல்லிற்று. அழுத்தம் இல்லாதபோது 0 காட்டும். 14 பாரில் என்ன காட்டுகிறது என்று யாருக்கும் தெரியாது. குழாய் உருக்குலைந்திருந்தாலும், பல் தேய்ந்திருந்தாலும், வழு மேல்பகுதியில்தான் இருக்கும். அதைவிட மோசம், முள்ளைப் பிடுங்கியதும் பழைய நிலை அழிந்துபோயிற்று. போன ஆறு மாதம் இந்தக் காட்டி எத்தனை தப்பாகக் காட்டியது, அதை நம்பி ஓட்டிய எந்திரம் எவ்வளவு தள்ளி ஓடியது என்பதை இனி எந்தச் சோதனைச்சாலையாலும் சொல்ல முடியாது.

இதற்காகத்தான் சோதனைச்சாலைகளுக்கான ஐஎஸ்ஓ 17025 நெறி, 2017 பதிப்பில், சீரமைப்போ (திருகிச் சரிசெய்வது) பழுதுபார்ப்போ நடந்திருந்தால் அதற்கு முந்தைய அளவுகளையும் பிந்தைய அளவுகளையும், இருக்கும் பட்சத்தில், சான்றிதழில் எழுதச் சொல்கிறது. 0 முதல் 10 பார் வரை அழுத்தத்தை அளந்து, அதை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் ஒன்று 0, 25, 50, 75, 100 சதவீதத்தில் 4.08, 8.09, 12.09, 16.08, 20.08 தந்தால், முதலில் அதை எழுத வேண்டும். ஏறுமுகமாக ஒரு முறை, இறங்குமுகமாக ஒரு முறை. எல்லா இடத்திலும் ஏறத்தாழ 0.08 கூடுதல், ஆகவே பூஜ்ஜியம்தான் 0.05 பார் நகர்ந்திருக்கிறது, நெடுக்கம் (கீழ்முனைக்கும் மேல்முனைக்கும் இடையிலான வீச்சு) சரி என்று அந்த எண்களே சொல்லும். அதன்பிறகு திருகலாம். திருகியபின் மறுபடி ஐந்து இடமும் பார்க்க வேண்டும். உலக அளவியல் சொற்றொகுதியின் 2012 பதிப்பும் இரண்டையும் தனித்தனியாக வரையறுத்து, காலிபரேஷனைச் சீரமைப்போடு குழப்பிக்கொள்ளாதே என்று குறிப்பும் போடுகிறது. உலகம் எச்சரிக்கிற அதே குழப்பத்தை நாம் கலைச்சொல்லாகவே ஆக்கி வைத்திருக்கிறோம்.

"ஆங்கிலத்திலும் தொழிலாளிகள் குழப்பித்தானே பேசுகிறார்கள்" என்று கேட்கலாம். உண்மைதான். பட்டறையில் "காலிபரேஷன் பண்ணிட்டேன்" என்றால் பாதி நேரம் திருகிவிட்டேன் என்றுதான் பொருள். ஆனால் காலிபரேஷன் என்ற ஒலி நமக்கு எதையும் காட்டுவதில்லை. நல்ல மேற்பார்வையாளர் ஒருவர் ஒரு நாள் விளக்கினால் பொருள் நேராகிவிடும். தமிழ்ச் சொல் அப்படியில்லை. கண்ணாடிபோல உள்ளிருப்பதைக் காட்டும். அதுதான் தமிழின் பலம், ஆகவே சொல் தப்பானால் கேடும் பெரிது. "திருத்தம்" என்று எழுதிவிட்டு, "ஆனால் திருத்தக்கூடாது" என்று எத்தனை முறை விளக்கினாலும், கை திருப்புளியைத்தான் தேடும். தவறான தமிழ்ச் சொல்லைவிடக் காலிபரேஷனே மேல் என்று தூய தமிழ் விரும்பும் எவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கேயே நிற்க வேண்டியதில்லை, நம்மிடம் சொல் இருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் நெல் அளந்த கணக்கு வருகிறது: "ராஜகேசரியோடொக்கும் ஆடவல்லான் என்னும் மரக்கால்". ராஜகேசரி அரசின் மூல அளவு, ஆடவல்லான் கோயிலின் மரக்கால். கோயில் மரக்கால் அரச மரக்காலோடு ஒக்கும். ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லில் பொறித்த காலிபரேஷன் சான்று அது. வினைச்சொல்லைக் கவனியுங்கள்: ஒத்தல்.

பொற்கொல்லர் தொழிலும் அப்படியே. உரைகல்லில் பொன்னையும் மாற்று (பொன்னின் தரம்) தெரிந்த உரையாணியையும் பக்கத்தில் பக்கத்தில் உரைத்து நிறம் ஒப்பிடுவார்கள். உரைகல் பொன்னைத் திருத்தாது, மாற்று என்ன என்று சொல்லும். ஆணிப்பொன், ஆணிமுத்து என்ற சொற்களில் வரும் ஆணி இந்த உயர்தர அளவுதான். மன்னார் வளைகுடா முத்து எடுத்த கரையில் அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. குறள் 505 சொல்லும் "கட்டளைக் கல்"லும் உரைகல்லே. கட்டளைக்குச் செங்கல் அச்சு என்ற பொருளும் உண்டு, அரபிக் 'காலிப்' போலவே. மனத்தை இழுக்கிற சொல். ஆனால் இன்றைக்குக் கட்டளை என்றால் ஆணை என்றுதான் எல்லோரும் கொள்வார்கள், எந்திரத்துக்குக் கொடுக்கும் கட்டளை என்று நினைப்பார்கள். மனமில்லாமல் அதை விட வேண்டியிருக்கிறது.

'தரப்படுத்தல்' வேண்டாம். அது மீனையும் முந்திரியையும் ரகம் பிரிப்பது. 'அளவீடு' வெறும் அளத்தல். 'சரிபார்ப்பு' நல்ல சொல், ஆனால் அதற்கு வேறு வேலை இருக்கிறது. மீன் ஏலக் கூடத்தின் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை ஆய்வாளர் செய்வதுதான் சரிபார்ப்பு. சோதனை எடைகளை வைத்துப் பார்ப்பார், வரம்புக்குள் இருந்தால் முத்திரை, இல்லையென்றால் இல்லை. அவரும் திருகுவதில்லை. திருகுவது உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர், அதன்பின் மறுபடி முத்திரை வாங்க வேண்டும். ஆகவே வேலை மூன்று, சொல்லும் மூன்று வேண்டும்: அளவொப்பீடு, சரிபார்ப்பு, சீரமைப்பு. காலிபரேஷனுக்கு அளவொப்பீடு. வினையாக, அளவொப்பிடு. தாளுக்கு, அளவொப்புச் சான்றிதழ்.

ஒப்பிடுவது மட்டுமா காலிபரேஷன், மூலக்கருவியே எவ்வளவு தள்ளிக் காட்டலாம் என்ற ஐய வரம்பும் சூழலும் கணக்கில் வர வேண்டாமா என்று நுணுக்கமானவர் கேட்பார். வர வேண்டும். மூலக்கருவி நான்கு மடங்காவது நுட்பமாக இருப்பது நல்ல வழக்கம். ஆனால் சொல் முழு இலக்கணத்தையும் சுமக்க வேண்டியதில்லை. இலக்கணத்துக்கு எதிராகப் பேசாமல் இருந்தால் போதும். அளவொப்பீடு அதைச் செய்கிறது.

இந்த ஒரு சொல்லோடு நிற்கிற நோய் இல்லை இது. எந்திர வரைபடத் தாளில் 0.02 மில்லிமீட்டர் டாலரன்ஸ், 'சகிப்புத்தன்மை' என்று வருகிறது. தண்டு யாரைச் சகிக்கிறது? இசைவு வரம்பு என்றால் கடைசல்காரருக்கு உடனே புரியும். கருவியின் விலகலுக்கு 'தவறு' என்று போடுகிறார்கள், யாரோ குற்றம் செய்த மாதிரி. வழு என்ற சொல் எதற்கு இருக்கிறது? நெருங்கிக் காட்டுவதும் திரும்பத் திரும்ப ஒன்றையே காட்டுவதும் வெவ்வேறு குணங்கள், இரண்டுக்கும் 'துல்லியம்' ஒன்றே வருகிறது. அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுகிறவர்கள் இதைச் செய்கிறார்கள். வழுதூர் மின்நிலையத்திலோ உப்பளத்திலோ ஒரு மணி நேரம் கருவிக்காரரோடு நின்றிருந்தால் செய்ய மாட்டார்கள்.

உப்பளக் கையேட்டின் அந்த வரி இப்படி இருக்கட்டும்: "ஹைட்ரோமீட்டரை ஆண்டுக்கு ஒரு முறை மூலக்கருவியோடு அளவொப்பிடவும். கிடைத்த திருத்தங்களை அட்டையில் எழுதிக் கருவியின் பெட்டியிலேயே வைக்கவும். ஒவ்வொரு முறையும் பயன்படுத்தியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்கவும்."