மகள் அனுப்பியதை அழித்துவிடாதீர்கள்

போன மாதம் ஒரு அப்பாவும் அம்மாவும் கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறையில் உள்ள என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார்கள். அப்பா கையில் ஒரு துணிப்பை. கல்யாண ஆல்பம், நகைக்கடை பில்கள், மாப்பிள்ளைக்குக் கார் வாங்கிக்கொடுத்த ரசீது, அதற்கு அடியில் மகளின் இறப்புச் சான்றிதழ். கல்யாணமாகி மூன்றாம் வருஷம், கேரளத்தில் பாறசாலைக்கு அந்தப் பக்கம் உள்ள மாப்பிள்ளை வீட்டில் தூக்கு. (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"மகள் வாய்ஸ் மெசேஜ் ஏதாவது அனுப்பியிருக்காளா?" என்று கேட்டேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். நிறைய வந்ததாம். மாப்பிள்ளை வீட்டார் வரும்போது யாராவது போனை எடுத்துப் பார்த்துவிட்டால் அவளுக்குத்தானே கஷ்டம் என்று, ஒவ்வொன்றையும் கேட்டு அழுதுவிட்டு அழித்துவிட்டாராம்.

இந்த ஒரு வருஷத்தில் இப்படி எனக்கு வந்தது இது மூன்றாவது குடும்பம். அதனால்தான் எழுதுகிறேன்.

கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் இயல்புக்கு மாறாக இறந்து, அதற்குச் சற்று முன்பு வரதட்சணைக்காக அவள் கொடுமைப்படுத்தப்பட்டிருந்தால் அது வரதட்சணை மரணம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 304பி, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 80-ஆம் பிரிவு. குறைந்தது ஏழு வருஷம், அதிகபட்சம் ஆயுள். "தூக்குதானே, அவளாத்தானே செய்தாள், கேஸ் எப்படி வரும்" என்று ஊரில் சொல்வார்கள். வரும். தூக்கு, விஷம், தீ எல்லாம் இதற்குள் அடங்கும். கொடுமை நடந்ததை நாம் காட்டிவிட்டால், கணவன் வீட்டாரே காரணம் என்று நீதிமன்றம் அனுமானித்தாக வேண்டும். அதை மறுத்து நிரூபிக்கும் பொறுப்பு அவர்களுடையது. ஆனால் அந்தக் கொடுமையைக் காட்டும் சான்று யாரிடம் இருக்கிறது? மாமியார் தருவாரா? பக்கத்து வீட்டுக்காரர் கூண்டேறுவாரா? அது அம்மாவின் போனில் இருக்கிறது. இறந்துபோன பெண் தன் சாவுக்கு இட்டுச்சென்ற சூழ்நிலை பற்றிச் சொல்லிவைத்தது சட்டப்படி சாட்சியம். 2021-இல் சாஸ்தாங்கோட்டையில் இறந்த ஆயுர்வேத மாணவியின் வழக்கை இங்கே எல்லோரும் டிவியில் பார்த்தோம். அடுத்த வருஷமே கொல்லம் நீதிமன்றம் கணவனுக்குப் பத்து வருஷம் தண்டனை விதித்தது. அந்த வழக்கில் போன் பதிவுகளும் வாட்ஸ்அப் செய்திகளும்தான் பேசின.

சரி, இனி எனக்குக் கோபம் வரும் விஷயத்துக்கு வருகிறேன்.

"அவங்க வாய் திறந்து ஒண்ணும் கேக்கல வக்கீலம்மா, நாங்கதான் பிள்ளைக்குப் போட்டோம். பொறவு எப்படி வரதட்சணை கேஸ் நிக்கும்?" வாரம் ஒருவராவது என்னிடம் இதைக் கேட்கிறார். நூறு பவுனும் காரும் கொடுத்தவரும் கேட்கிறார், கடன் வாங்கி இருபது பவுன் போட்டவரும் கேட்கிறார். தயவுசெய்து கேளுங்கள். 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் கல்யாண நாளோடு நின்றுவிடவில்லை. கல்யாணத்துக்கு முன்பு, கல்யாணத்தின்போது, அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் அந்தக் கல்யாணத்தைச் சாக்காக வைத்துக் கொடுத்ததும் கொடுக்க ஒத்துக்கொண்டதும் வரதட்சணைதான். நிச்சயத்தன்று அவர்கள் கேட்கவில்லை, சரி. அடுக்களை காணலுக்கு, அதாவது கல்யாணத்துக்குப் பிறகு மகளின் புகுந்த வீட்டைச் சீரோடு பார்க்கப் போகும் சடங்குக்கு, கொண்டுபோன ஃபிரிட்ஜ் சின்னது என்று முகத்தைத் தூக்கியது யார்? ஆறாம் மாதம் "உன் அப்பாகிட்ட சொல்லி வீடு கட்ட அஞ்சு லட்சம் வாங்கிட்டு வா" என்றது? கார் பழைய மாடல் என்று அடித்தது? அதெல்லாம் கேட்டதுதான். வீடு கட்டப் பணம் கேட்பதும் வரதட்சணைதான் என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. முதல் நாள் கேட்காதவன் மூன்றாம் வருஷம் கேட்டாலும் அவன் கேட்டவன்தான்.

இதன் நிழலில் இன்னொரு பயமும் உண்டு: "கொடுத்தவனும் குற்றவாளி, புகார் கொடுத்தால் எங்களையும் பிடித்து உள்ளே வைப்பார்கள்." கொடுப்பதும் குற்றம் என்பது உண்மை. ஆனால் பாதிக்கப்பட்டவர் தரும் வாக்குமூலத்தை வைத்து அவர்மீதே வழக்குப் போடக் கூடாது என்று அதே சட்டத்தின் ஏழாம் பிரிவு சொல்கிறது. இந்தப் பயத்தைக் கிளப்பிவிடுவது பெரும்பாலும் மாப்பிள்ளை வீட்டு ஆட்கள்தான்.

நம் பக்கத்தில் இந்தப் பழக்கத்துக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. நம் பகுதி அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரின் 1916-ஆம் ஆண்டு கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கு மகனின் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. ஸ்திரீதனம் (கல்யாணத்தில் மகளுக்குக் கொடுக்கும் சீர்) கொடுத்தாலோ கொடுப்பதாகச் சொல்லியிருந்தாலோ அதுவும் கிடையாது. 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் 1951-லிருந்தே செல்லாது என்று தீர்த்தது. சட்டம் போனது, கணக்கு மட்டும் மனதில் நிற்கிறது: "அவளுக்குத்தான் எல்லாம் கொடுத்தாச்சே." கொடுத்தது அவளுக்கா? அந்த நகை இப்போது யார் லாக்கரில் இருக்கிறது? கொடுக்க இருந்தால் ஐந்து சென்ட் நிலத்தை அவள் பெயரில் பத்திரம் போடுங்கள்.

அடுத்தது தமிழ்நாடு-கேரள பார்டர். களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் பிறந்த வீடு, அந்தப் பக்கம் புகுந்த வீடு. அங்கே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் "உங்க ஊரில் கொடுங்கள்", இங்கே வந்தால் "சம்பவம் அங்கேதானே". அலைந்து சலித்துப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். கொடுமை தாங்காமல் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட பெண், வந்து தங்கிய ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம் என்று 2019-இல் ரூபாலி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எல்லை யாருடையதாக இருந்தாலும் புகாரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று இப்போது சட்டமே சொல்கிறது. குடும்ப வன்முறைச் சட்ட மனுவையும் அவள் தற்போது இருக்கும் இடத்திலேயே போடலாம்.

மரணம் நடந்துவிட்டால் கேரளப் போலீஸ்தான் விசாரிக்கும். அங்கே நம்மவர்கள் ஒன்றில் வழுக்கிவிழுகிறார்கள். மலையாளம் பேசினால் நமக்குப் புரியும், வாசிக்கத் தெரியாது. எழுதி நீட்டியதும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் சொன்ன பண விஷயம் அதில் இருக்கிறதா? வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை, முதல் தகவல் அறிக்கையின் நகலும் இலவசம். ஏழு வருஷத்துக்குள் நடந்த மரணம் என்று வாய் திறந்து சொல்லுங்கள். நிர்வாக நடுவர் (தாசில்தார், ஆர்டிஓ போன்ற அதிகாரி) விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் வேண்டும். அதற்கு முன் "சீக்கிரம் அடக்கம் பண்ணிடலாம்" என்று யார் அவசரப்படுத்தினாலும் தலையாட்டாதீர்கள்.

உயிரோடு இருக்கும் மகள்களுக்காக இனிச் சொல்பவை. கல்யாணப் பரிசுகளுக்குப் பட்டியல் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்திட வேண்டும் என்று 1985 முதல் விதி இருக்கிறது, எழுதுங்கள். பணம் கேட்டுக் கொடுத்தால் கையில் கொடுக்காதீர்கள், வங்கி வழியாகப் போகட்டும். வாய்ஸ் மெசேஜை அண்ணனுக்கோ சித்திக்கோ அனுப்பிவைத்து இரண்டு போனில் வைத்திருங்கள். ஊர்ப் பெரியவர்களோ சர்ச் கமிட்டியோ பேசித் தீர்த்தால் தேதியையும் வந்தவர்கள் பெயரையும் ஒரு டைரியில் குறித்துவையுங்கள், நாளைக்கு அவர்கள்தான் சாட்சி. புகாரில் கொடுமை செய்தவர்களை மட்டும் எழுதுங்கள். துபாயில் இருக்கும் நாத்தனார் வரை இழுத்தால் உண்மையான வழக்கும் நொண்டும். இதைச் சில ஜூனியர் வக்கீல்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஏழு வருஷம் தாண்டியவர்கள் சட்டம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதாவில் கொடுமைக்கான 85-ஆம் பிரிவுக்கு அந்தக் கணக்கு கிடையாது. பெண்கள் உதவி எண் 181-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, தாலுகா சட்டப்பணிக் குழுவில் கேளுங்கள்.

அப்புறம், மூன்றாவது முறையும் அவள் அழுதுகொண்டு பையோடு வந்து நின்றால், "கொஞ்சம் பொறுத்துக்கோ மக்களே" என்று பஸ் ஏற்றி விடாதீர்கள். ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்கிறீர்கள். இந்தத் தொழிலில் நான் பார்த்தவரை ஊர் ஆறு மாதத்தில் மறந்துவிடுகிறது. உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், அவளை உள்ளே கூப்பிடுங்கள்.

அந்த அம்மா கிளம்பும்போது, அழித்தது திரும்ப வருமா என்று கேட்டார். சில சமயம் தடயவியல் ஆய்வகத்தில் மீட்க முடியும், மகளுக்குச் சொந்தமான போனிலும் இருக்கலாம். இந்த போனைக் கடையில் கொடுக்காதீர்கள், ரீசெட் பண்ணாதீர்கள், அப்படியே விசாரணை அதிகாரியிடம் ஒப்படைத்து மகஜர் (பொருளைக் கைப்பற்றியதாக எழுதும் குறிப்பு) நகல் வாங்குங்கள் என்றேன். அவர் போனை ஸ்விட்ச் ஆஃப் செய்து, ஆல்பம் இருந்த பையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நெய்யாற்றின்கரை பஸ்ஸுக்குப் போனார்.