பேட்டரி மாற்றிய மறுநாளே ஸ்மாக் செக்குக்கு வராதீர்கள்

ஜனவரி பிறந்தால் எங்கள் நிலையத்துக்கு வரும் தமிழ்க் குடும்பங்களிடம் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருப்பார்கள். ஐந்தாறு வாரம் கார் வாசலிலேயே நின்றிருக்கும். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் பேட்டரி உயிரில்லாமல் கிடக்கும். புது பேட்டரி போடுவார்கள். சேர்ந்து கிடக்கும் தபால்களைப் பிரித்தால் கலிஃபோர்னியாவின் மோட்டார் வாகனத் துறையான டிஎம்வி அனுப்பிய பதிவுப் புதுப்பிப்புக் கடிதம், அதில் ஸ்மாக் செக், அதாவது வண்டியின் புகை மாசுப் பரிசோதனை, தேவை என்று ஒரு வரி. கெடு நெருங்கிவிட்டதே என்று மறுநாள் காலையிலேயே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஃபெயில் ஆகும்.

போன ஜனவரியில் வந்த தம்பதிக்கும் இதேதான் நடந்தது. 2014 மாடல் வண்டி, நன்றாகப் பராமரித்திருந்தார்கள். "அண்ணா, செக் இன்ஜின் லைட்டே எரியலையே, எப்படி ஃபெயில்?" என்று கேட்டார் கணவர். அவர் மனைவி, "ஊருக்குப் போறதுக்கு முன்னாடிகூட நல்லாத்தானே ஓடுச்சு" என்றார். இருவர் சொன்னதும் உண்மை. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் கோளாறு இல்லை என்பதை அந்த வண்டி இன்னும் தனக்குத்தானே சோதித்து முடிக்கவில்லை.

நான் சான் ஹோசே பகுதியில் ஸ்மாக் செக் செய்பவன், பழுதும் பார்ப்பவன். கண்ணெதிரே வீணாகும் பணமும் அலைச்சலும் பெரும்பாலும் இந்த ஒரு விஷயம் தெரியாததால்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கலிஃபோர்னியாவில் 2000-ஆம் ஆண்டு மாடலிலிருந்து வந்த பெட்ரோல் கார்களுக்கு இப்போது புகைக்குழாயில் குழல் செருகிப் பார்ப்பதில்லை. 2015 மார்ச் முதல் நடைமுறை மாறிவிட்டது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி (வண்டி தன் கோளாறைத் தானே கண்டறியும் அமைப்பு) சாக்கெட்டில் ஒரு கருவியைச் செருகி, காரின் கம்ப்யூட்டரிடமே கேட்கிறோம். அதோடு உறுப்புகள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றனவா என்று கண்ணாலும் பார்க்கிறோம். 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களிலும் இந்த ஓபிடி இரண்டாம் தலைமுறை கட்டாயம். மாசைக் கட்டுப்படுத்தும் ஒவ்வொரு பகுதியையும் வண்டி தானாகவே அவ்வப்போது சோதித்துக்கொள்ளும். அந்தச் சோதனை ஒவ்வொன்றுக்கும் மானிட்டர் என்று பெயர்.

இதில் இரண்டு வகை உண்டு. மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவது), எரிபொருள் கலவை, பொதுவான மின் உறுப்புகள் ஆகிய மூன்றையும் வண்டி ஓடும்போதெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டே இருக்கும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், ஆக்ஸிஜன் சென்சார், அதன் ஹீட்டர், புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும் இஜிஆர், பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் எவாப் அமைப்பு போன்றவை அப்படியல்ல. அதற்கென்று சில நிபந்தனைகள் கூடிவந்தால்தான் சோதனையே தொடங்கும். முடிந்ததும் 'ரெடி' என்று குறித்து வைக்கும்.

பேட்டரியைக் கழற்றினால் பெரும்பாலான வண்டிகளில் அந்தக் குறிப்பு மொத்தமும் அழிந்துபோகும். கோளாறு வந்தால் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் குறியீட்டை ஸ்கேனர் வைத்து அழித்தாலும் அதேதான். சிலேட்டைத் துடைத்த மாதிரி. எல்லா மானிட்டரும் மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும். அந்தத் தம்பதியின் காரில் முந்தின நாள் மாலை பேட்டரி போட்டிருக்கிறார்கள், வீட்டிலிருந்து என்னிடம் வந்தது நான்கு மைல். அந்த நான்கு மைலில் கம்ப்யூட்டர் எதைச் சோதிக்கும்?

கலிஃபோர்னியா விதி இதில் கறாரானது. 2000 மாடலும் அதற்குப் பிறகும் வந்த பெட்ரோல் வண்டியில் எவாப் ஒன்று மட்டும் முடியாமல் இருக்கலாம். மற்றவை அனைத்தும் ரெடியாக இருந்தாக வேண்டும். 1996 முதல் 1999 வரையிலான வண்டிகளுக்கு ஏதாவது ஒன்று பாக்கியிருக்கலாம். டெக்சஸிலிருந்து இங்கே குடிவருபவர்கள் இதில் ஏமாந்துபோகிறார்கள். அங்கே 2001 மாடலிலிருந்து எந்த ஒரு மானிட்டர் பாக்கியிருந்தாலும் விட்டுவிடுவார்கள். கேட்டலிஸ்ட் மானிட்டர் (கன்வெர்ட்டருக்கான சோதனை) முடியாத வண்டி அங்கே பாஸாகும், இங்கே ஆகாது. போதாக்குறைக்கு, ட்ரக்கில் ஏற்றிவரும் வண்டியில் சிலர் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டிருப்பார்கள்.

சரி, மானிட்டரை எப்படி ஓடவைப்பது? ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது ராத்திரி சாப்பிட்டதோடு சரி, காலையில் காபிகூடக் குடிக்காமல் வரச் சொல்வார்கள் இல்லையா? வண்டியின் கம்ப்யூட்டரும் அப்படித்தான். அது இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருப்பதை எதிர்பார்க்கும். பல வண்டிகளில், ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்டின் வெப்பநிலை 50 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும், வெளிக்காற்றின் வெப்பநிலையோடு அதற்கு ஐந்தாறு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இரவு முழுக்க நிறுத்திவைத்தால்தான் இது நடக்கும். பகலில் கடைக்குப் போய் இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால் நடக்காது.

பெட்ரோல் அளவும் முக்கியம். டேங்க் முழுக்க நிரம்பியிருந்தாலும் எவாப் சோதனை தொடங்காது, அடியில் போய்விட்டாலும் தொடங்காது. கால் முதல் முக்கால் வரை வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனை எவ்வளவு நுணுக்கமானது என்று சொன்னால் பலருக்கு நம்பிக்கை வருவதில்லை. டேங்கிலிருந்து எழும் ஆவி கரித்தூள் நிரப்பிய ஒரு டப்பாவில் தங்கி, பிறகு இன்ஜினுக்குள் போய் எரிகிறது. அந்தப் பாதை முழுவதிலும் அரை மில்லிமீட்டர் ஓட்டை இருந்தாலும் கம்ப்யூட்டர் கண்டுபிடித்தாக வேண்டும். அதனால்தான் குலுங்காத நேரமாகப் பார்த்துச் சோதிக்கிறது. டொயோட்டாவின் பல வண்டிகளில் இந்தச் சோதனை இன்ஜினை அணைத்து ஐந்து மணி நேரம் கழித்து, நீங்கள் தூங்கும்போது நடக்கும். நடுவில் போய் டேங்க் மூடியைத் திறந்தால் அன்றைய சோதனை வீண்.

நான் சொல்லி அனுப்பும் ஓட்டம் இதுதான். உங்கள் வண்டிக்கென்று தயாரிப்பாளர் கொடுத்த ட்ரைவ் சைக்கிள் (மானிட்டர்களை ஓடவைக்க ஓட்டும் முறை) கிடைத்தால் அதையே பின்பற்றுங்கள். கிடைக்காவிட்டால் இது பெரும்பாலான வண்டிகளுக்கு உதவும்.

ஞாயிறு விடியற்காலை சாலை காலியாக இருக்கும்போது கிளம்புங்கள். ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடம் அப்படியே விடுங்கள், ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வேண்டாம். பிறகு தெருக்களில், சிக்னல்களில் நின்று நின்று ஒரு பத்து நிமிடம் ஓட்டுங்கள். அப்புறம் ஃப்ரீவே. மணிக்கு 55 முதல் 60 மைல் வேகத்தில், வேகம் கூடாமல் குறையாமல், க்ரூஸ் கன்ட்ரோல் போட்டு குறைந்தது பதினைந்து நிமிடம். இந்தச் சீரான ஓட்டத்தில்தான் கேட்டலிஸ்ட் மானிட்டர் ஓடும். கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். கன்வெர்ட்டர் நன்றாக வேலை செய்தால் பின்னால் இருப்பது அலைபாயாமல் அமைதியாக இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கம்ப்யூட்டருக்குச் சீரான நிமிடங்கள் வேண்டும். அதனால் 680-இல் சுனோல் ஏற்றத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 101-இல் மார்கன் ஹில் தாண்டி கில்ராய் வரைக்கும் போய் வாருங்கள், சமதளம். வெளியேறும் இடத்தில், பின்னால் வண்டி எதுவும் இல்லாவிட்டால் மட்டும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ப்ரேக் போடாமல் வண்டி தானாக வேகம் குறைய விடுங்கள். பின்னால் யாராவது வந்தால் இதை விட்டுவிடுங்கள், எந்த மானிட்டரும் உயிரைவிடப் பெரிதல்ல. கடைசியில் இரண்டு நிமிடம் நின்றபடி ஓடவிட்டு அணையுங்கள்.

ஒரே நாளில் எல்லாம் முடிய வேண்டும் என்பதில்லை. இதே மாதிரி மூன்று நாள், நான்கு நாள், சில வண்டிகளுக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். ஹைப்ரிட் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் பொறுமை வேண்டும். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது அதன் இன்ஜின் பாதி நேரம் அணைந்தே இருக்கும், மானிட்டர் எப்படி ஓடும்? ஃப்ரீவேதான் வழி. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களின் வண்டியும், வாரத்துக்கு ஒரு முறை கோயிலுக்கும் கடைக்கும் போய்வரும் பெரியவர்களின் வண்டியும் இதே காரணத்தால்தான் மாதக்கணக்கில் ரெடியாகாமல் கிடக்கின்றன.

ரெடியாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள என்னிடம் வர வேண்டியதில்லை. போனோடு ப்ளூடூத்தில் இணையும் சின்ன ஸ்கேனர்கள் மலிவாகவே கிடைக்கின்றன. ஒவ்வொரு மானிட்டருக்கும் எதிரே ரெடியா இல்லையா என்று காட்டும். 'பொருந்தாது' என்று காட்டினால் உங்கள் வண்டியில் அந்த உறுப்பே இல்லை என்று அர்த்தம், பயப்பட வேண்டாம். சில ஹோண்டா, டொயோட்டா வண்டிகளில் ஸ்கேனர்கூட வேண்டாம். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆனில் வைத்துக் காத்திருங்கள். செக் இன்ஜின் விளக்கு பதினைந்து இருபது விநாடி எரிந்த பிறகு மின்னாமல் இருந்தால் ரெடி, விட்டுவிட்டு மின்னினால் இன்னும் பாக்கி இருக்கிறது. (இன்ஜின் ஓடும்போது அந்த விளக்கு மின்னினால் அது வேறு, கடுமையான மிஸ்ஃபயர். உடனே ஓரம் கட்டுங்கள், கன்வெர்ட்டர் வெந்துபோகும்.)

இதுவரை சொன்னது நல்ல வண்டிகளுக்கு. இன்னொரு வகை உண்டு, அதைச் சொல்லும்போது எனக்கு வருத்தம் அதிகம். விளக்கு எரிந்த வண்டியை யாரிடமோ கொடுத்து, காசு கொடுத்துக் கோளாறுக் குறியீட்டை மட்டும் அழித்துக்கொண்டு வருவார்கள். ஒரு பெரியவர் அப்படித்தான் வந்தார். பழுது பார்த்தாகிவிட்டது என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள், அவரும் நம்பியிருக்கிறார். மானிட்டர் ஒன்றுகூட ரெடியில்லை. ஃபெயில் தாளோடு போனவர் சொன்னபடி ஓட்டினார், நான்காம் நாள் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 குறியீடு திரும்ப வந்தது. கன்வெர்ட்டர்தான் போயிருந்தது. முதலிலேயே அதைச் சொல்லியிருந்தால் இரண்டு செலவு மிச்சம்.

2010 மாடலிலிருந்து இன்னொரு பிடியும் இருக்கிறது, நிரந்தரக் குறியீடு. ஸ்கேனராலும் பேட்டரியைக் கழற்றுவதாலும் இதை அழிக்க முடியாது. கோளாறு சரியாகி, அந்த மானிட்டர் மறுபடி ஓடி, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று கம்ப்யூட்டர் தானே முடிவு செய்தால்தான் போகும். 2019 ஜூலை முதல் கலிஃபோர்னியா இதையும் பார்க்கிறது. சாதாரணக் குறியீடுகளை அழித்த பிறகு வண்டி 200 மைல் ஓடி, 15 முறை குளிர்ந்து சூடாகியிருந்தால் மட்டும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

கன்வெர்ட்டர் மாற்ற வேண்டி வந்தால் ஒன்றை மறக்காதீர்கள். இணையத்தில் பாதி விலைக்குக் கிடைப்பதை வாங்கி மாட்டிவிட்டு வருகிறார்கள். தயாரிப்பாளருடையது அல்லாத கன்வெர்ட்டர் என்றால் கலிஃபோர்னியா காற்று வள வாரியம் அங்கீகரித்த எண் அதில் இருக்க வேண்டும், அந்த எண் உங்கள் வண்டி மாடலுக்கு உரியதாகவும் இருக்க வேண்டும். எண் இல்லையென்றால் மானிட்டர் எல்லாம் ரெடியாக இருந்தாலும் கண்பார்வைச் சோதனையிலேயே ஃபெயில்.

பல நாள் ஒழுங்காக ஓட்டியும் ஒரு மானிட்டர் மட்டும் அசையவில்லை என்றால் ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். ஏதோ ஒன்று தடுக்கிறது. நான் அதிகம் பார்ப்பது இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட். அது திறந்தபடியே மாட்டிக்கொண்டால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வராது, கேட்டலிஸ்ட் சோதனை தொடங்கவே தொடங்காது. விளக்கும் உடனே எரியாது. ஸ்கேனரில் நிலுவைக் குறியீடு (விளக்கு எரிவதற்கு முன்பே பதிவாவது) ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அரிதாக, வண்டியின் வடிவமைப்பிலேயே மானிட்டர் முடிவதில் சிக்கல் இருக்கும். ஸ்மாக் செக்கை மேற்பார்வையிடும் மாநில அமைப்பான வாகனப் பழுது பியூரோ அப்படிப்பட்ட மாடல்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது, பரிசோதகரிடம் கேளுங்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு, வேறு வழி இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. வேறொரு நல்ல வண்டியில் கருவியைச் செருகிச் சான்றிதழ் கொடுத்து உரிமம் இழந்தவர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். நான் அதைச் செய்ய மாட்டேன், கேட்காதீர்கள். லாஸ் ஏஞ்சலஸ் மக்களின் கண்ணை எரியவைத்த மூட்டத்துக்குக் கார் புகையும் வெயிலும் சேர்ந்து நடத்தும் ரசாயன வினைதான் காரணம் என்று பாசடீனாவில் ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தது 1950-களின் தொடக்கத்தில். அந்தக் காற்றைத்தான் நம் பிள்ளைகளும் சுவாசிக்கிறார்கள்.

கெடு முடியப் போகிறது, வண்டி ரெடியாகவில்லை என்றால் பதற வேண்டாம். பதிவுக் கட்டணத்தை உரிய தேதிக்குள் கட்டிவிடுங்கள். ஸ்மாக் சான்றிதழ் இல்லாவிட்டாலும் டிஎம்வி அதை வாங்கிக்கொள்ளும், தாமத அபராதம் வராது. ஸ்டிக்கர் மட்டும் சான்றிதழ் வந்த பிறகு வரும். வண்டி ஃபெயில் ஆகியிருந்தால் 60 நாள் தற்காலிக அனுமதியும் கேட்கலாம், அதற்குக் கட்டணம் 50 டாலர்.

அந்தத் தம்பதி ஒன்பதாம் நாள் திரும்ப வந்தார்கள். இரண்டு ஞாயிறு கில்ராய் வரை போய்வந்திருக்கிறார்கள், நடுவில் தினமும் அலுவலகம். எவாப் மட்டும் பாக்கி, அது இருக்கலாம். பாஸ். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பேட்டரி மெயின்டெய்னர் ஒன்றை மாட்டிவிட்டுப் போகச் சொன்னேன், பேட்டரி இறங்காமல் காக்கும். பேட்டரி மாற்றியே ஆக வேண்டுமென்றால் நினைவகம் அழியாமல் இருக்க மெமரி சேவர் போட்டு மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். புதுப்பிப்புத் தேதி மார்ச்சுக்குள் வருவதாக இருந்தால், விமானம் ஏறுவதற்கு முன்பே ஸ்மாக் செக்கை முடித்துவிடலாம். சான்றிதழ் 90 நாள் செல்லும்.