உளவு அமைப்புகளை ஆராய்பவருக்கு வரும் அழைப்பு மெயில்

சென்னைக் கல்லூரிகளில் ஆராய்ச்சி மாணவர்களுக்கு இணையப் பாதுகாப்பு சொல்லிக்கொடுப்பது என் வேலை. உளவு அமைப்புகளைத் தலைப்பாக எடுத்தவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "சார், எங்க போனை ஒட்டுக் கேட்பாங்களா?" என்றுதான். நான் முதலில் பார்க்கச் சொல்வது அவர்களுடைய இன்பாக்ஸை.

2021-இல் வெளியே வந்த விஷயம் இது. ஈரானோடு தொடர்புடைய ஒரு ஹேக்கர் குழு, லண்டன் சோவாஸ் பல்கலைக்கழக அறிஞர்கள் என்று சொல்லிக்கொண்டு மத்திய கிழக்கு ஆய்வாளர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் மாநாட்டு அழைப்பு அனுப்பியது. மரியாதையான, நீண்ட கடிதப் போக்குவரத்து, அப்புறம் பதிவு செய்ய ஒரு லிங்க்; அது போய் நின்றது அந்தப் பல்கலைக்கழகத்தின் வானொலித் தளத்திலேயே, அதற்குள் குழு ஏற்கெனவே புகுந்திருந்தது. முகவரியைச் சரிபார்க்கிற ஆள்கூட அந்தப் பக்கம் கேட்கும் மெயில் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுவார். வடகொரியாவின் கிம்சுகி குழு முதல் மெயிலில் லிங்க், கோப்பு எதுவும் வைக்காமல் கருத்து மட்டும் கேட்கும், பதில் போட்ட பிறகுதான் வில்லங்கமான கோப்பு வரும் என்று 2023 ஜூனில் அமெரிக்காவும் தென்கொரியாவும் சேர்ந்தே எச்சரித்தன.

மாணவனிடம் திருட என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் பெயர் வராது என்று நம்பிப் பேசியிருப்பார். அவர் குரலும் போன் நம்பரும் யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய டிரைவ் லிங்க்கில் கிடக்கும். இதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். பேட்டிக்கு ஒரு எண் கொடுங்கள், எண்ணுக்குரிய பெயரை வேறிடத்தில் என்கிரிப்ட் செய்து வையுங்கள். ஓடிபியைப் போலிப் பக்கத்தில் தட்டினால் அதுவும் போய்விடும், அதனால் பாஸ்கீ போடுங்கள்; பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் போனிலோ கணினியிலோ இருக்கும் டிஜிட்டல் சாவி அது, போலிப் பக்கத்தில் வேலை செய்யாது. அழைப்பு வந்தால் மெயிலில் உள்ள நம்பரை விட்டுவிட்டு, நீங்களே தேடி எடுத்த நம்பரில் பேசுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு ரகசியத்தைக் கொடுத்தவரோடு, தெரிந்தே வாங்கியவரையும் பிடிக்கும். "கோப்பு அனுப்பட்டுமா தம்பி" என்று யாராவது கேட்டால் வாங்காமல் வழிகாட்டியிடமும் வக்கீலிடமும் போங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு உள்நாட்டு உளவு அமைப்பான ஐபி, வெளிநாட்டு உளவு அமைப்பான ரா இரண்டுக்கும் விலக்கு தருகிறது, ஊழலும் மனித உரிமை மீறலும் மட்டும் அதில் சேராது. 2023 நவம்பரில், இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டது, இணையத் தாக்குதல்களை ஆராய்பவர்களுக்கு இது பெரிய இழப்பு.

ஆனாலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஆங்கிலேயர் காலத்து 'அண்டர் செக்ரட்டரி சேஃப்' ரகசியக் கோப்புகள் இருக்கின்றன, சிஐஏ வெளியிட்ட பழைய ஆவணங்கள் 2017 முதல் இணையத்திலேயே கிடைக்கின்றன. அவற்றைப் புரட்டிவிட்டு, இன்னும் கேட்க வேண்டியது மிச்சமிருந்தால் ஆட்களைத் தேடிப் போங்கள்.